தேயிலைக்கு எரு; தோட்டத் தமிழர்க்கு நிலம்!

உரம் என்னுஞ் சொல்லுக்கு வலிமை என்பதே பழம்பொருள். நெஞ்சின் உரம், தோளின் உரம், அறிவின் உரம் என வழங்கிய அச்சொல், நிலத்துக்கு வலிமை தரும் எருவுக்கும் பெயராயிற்று. மண்ணுக்கு வலிமை சேர்ப்பதே உரம். மண்ணின் வலிமையை உறிஞ்சிவிட்டு ஒரு பருவத்து விளைச்சலை மட்டும் உயர்த்திக் காட்டுவது உரமாகாது. அதுபோன்றே, மண்ணைப் பண்படுத்தும் மாந்தரின் வலிமையை உறிஞ்சிவிட்டு மண்ணுக்கு மட்டும் வலிமை தேடுவதும் உரமிடுதல் ஆகாது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர மறந்த ஆட்சி ஒன்று எவ்வாறு தடுமாறி வீழ்ந்தது என்பதற்கும், அத்தடுமாற்றத்தின் அடியிற்கிடந்து நசுங்கியவர் எவர் என்பதற்கும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களே சான்று.

2019ஆம் ஆண்டுத் தேர்தலின்போது கோத்தபய இராசபக்ச நாட்டுக்கு ஓர் உறுதி கூறினார். பத்தாண்டுக் காலத்தில் இலங்கையின் வேளாண்மை முழுவதும் இயற்கை எருவுக்கு மாற்றப்படும் என்பதே அவ்வுறுதி. பத்தாண்டு என்பது ஆராயத்தக்க காலந்தான். ஆனால், ஆட்சிக்கட்டிலில் ஏறிய ஒன்றரை ஆண்டிலேயே, 2021 மே 6ஆம் நாள், வேதியுரங்களையும் வேதிப் பூச்சிக்கொல்லிகளையும் இறக்குமதி செய்யலாகாது என்று அரசிதழில் ஆணை வெளியாயிற்று. பத்தாண்டு ஒரே நாளாகச் சுருங்கிற்று! மக்கள் உடல்நலம் காக்கவே இவ்வாணை என்றனர். உடல்நலத்தின் மீது அவர்கட்குத் திடீரெனப் பிறந்த அக்கறையின் பின்னே, கருவூலத்தில் அயல்நாட்டுச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த அச்சமும் இருந்தது என்பதை உலகம் அறியும்.

பின் நிகழ்ந்தவற்றையும் உலகம் அறியும். நெற்பருவத்துக்கெனச் சீனத்திலிருந்து 20,000 தொன் கடற்பாசி எரு ஏற்றிவந்த கப்பலைத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருக்கிறதென்று கூறித் திருப்பினர். திருப்பிய பின்னரும் 2022 சனவரியில் ஏறத்தாழ 67 இலக்கம் அமெரிக்கத் தாலரை அச்சீனக் குழுமத்துக்குக் கொடுத்தனர். 2021 அகுதோபரில் தேயிலைக்கு மட்டும் தடை தளர்ந்தது. நவம்பரில் பிற பயிர்களுக்கும் தளர்ந்தது. ஆணையிட்டவரோ 2022 சூலையில் நாட்டை விட்டே ஓடினார். 2021இல் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலையின் அளவு, 2022இல் ஏறத்தாழ 25 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டில் காணாத தாழ்வு இது. எரிநெய்த் தட்டுப்பாடும் மின்வெட்டும் ஏறிப்போன உரவிலையும் இதிற் பங்கு கொண்டன என்பது மெய்யே. ஆயினும் செடி பசித்துக் கிடந்த அத்திங்கள்களே வீழ்ச்சியின் முதற்படி என்பதை மறுப்பார் எவருமிலர்.

இந்நிகழ்ச்சியை முன்வைத்து இருசாரார் இன்றும் வாய்ப்போர் புரிகின்றனர். வேதியுர வாணிகத்தின் பக்கம் நிற்போர், "பார்த்தீரா! இயற்கை எரு என்பது வெறுங் கனவு, அதனை நம்பிய நாடு பாழாயிற்று" என்று கைகொட்டிச் சிரிக்கின்றனர். இயற்கை வேளாண்மையைச் சமயம்போற் கைக்கொண்டோர், "தாய்மண் தானே தரும், இன்னுஞ் சிறிது பொறுத்திருந்தால் போதும்" என்கின்றனர். முன்னவர் கூற்றுப் பொய். பின்னவர் கூற்று அரையுண்மை. அரையுண்மை சிலபோது பொய்யினுந் தீங்கானது. இருசாராரும் மறவாமல் மறந்துவிடும் ஒன்று உண்டு. அந்த எருவை மலைமேற் சுமப்பவர் யார் என்னும் கேள்வியே அது.

முதற்கண் செடியின் இயல்பை அறிதல் வேண்டும். நெல்லுக்குக் கதிர் பயன். மாவுக்குக் கனி பயன். தேயிலைக்கோ இலையே பயன். ஆண்டு முழுவதும், ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை, அதன் இளங்கொழுந்து கிள்ளப்படுகின்றது. இலையை வளர்ப்பது தழையூட்டம். ஆகவே கொழுந்துக் கூடையோடு ஒவ்வொரு கிழமையும் மண்ணின் தழையூட்டமும் மலையிறங்கிப் போய்விடுகின்றது. ஆக்கி முடித்த தேயிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு தழையூட்டமே. ஓர் எக்டேரில் ஆண்டுக்கு 1,500 கிலோ தேயிலை விளைவதாகக் கொள்க. அம்மண்ணிலிருந்து 60 கிலோ தழையூட்டம் வெளியேறிவிட்டது என்பது கணக்கு. எடுத்ததைத் திருப்பிக் கொடாத நிலம் ஏமாற்றப்பட்ட நிலம்; அது நெடுநாள் பொறுக்காது.

அந்த 60 கிலோவை யூரியாவால் திருப்பிக் கொடுத்தால், 50 கிலோ மூட்டை மூன்றுக்குள் அடங்கிவிடும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழையூட்டம் செறிந்திருப்பதே கரணியம். நன்கு மட்கிய எருவிலோ நூற்றுக்கு ஒரு பங்கே காண்பது பெரும்பான்மை. எனவே அதே 60 கிலோவுக்கு 6,000 கிலோ எரு வேண்டும். அதுவும் முதலாண்டிலேயே முழுவதும் செடிக்குக் கிட்டிவிடாது. மண்ணுயிர்கள் அதனைச் சிறிது சிறிதாகவே விடுவிக்கும். மழையில் கரைந்தோடும் இழப்பு இக்கணக்கிற் சேரவில்லை. 25 கிலோ கொண்ட கூடையாற் சுமந்தால், ஓர் எக்டேருக்கு 240 கூடை! இலங்கையில் தேயிலை நிற்கும் நிலம் இரண்டு இலக்கம் எக்டேருக்கு மேல். அப்பரப்புக்கு ஆண்டுக்கு 12 இலக்கம் தொன் எரு வேண்டும். அரசிதழில் ஒரு பக்கம் அச்சிட்டதால் இந்த எரு எந்தக் கொட்டிலில் இருந்து பிறக்கும்? எந்த முதுகில் ஏறி மலையுச்சிக்குப் போகும்?

இக்கணக்கைக் கண்டு, இயற்கை எரு ஆகாது என்று முடிவு கட்டுவார் அவசரக்காரர். கணக்கின் மறுபக்கம் உண்டு. செறிந்த உரம் செடிக்குச் சோறாகலாம். மண்ணுக்கு அது உயிராகாது. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுக்கணக்கில் கொட்டக் கொட்ட மண்ணின் புளிப்புத்தன்மை ஏறுகின்றது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்புஞ் செடியே. ஆயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. மட்கு குறைந்த மண் மழைநீரைப் பிடித்து வைப்பதில்லை. காடழித்த மலைச்சரிவில் மேல்மண் மழையோடு வழிந்து ஆற்றிற் கலக்கின்றது. மேல்மண் போனபின் கொட்டும் உரமும் அதன் பின்னேயே போகின்றது. ஆண்டுதோறும் கூடுதலாகக் கொட்டி ஆண்டுதோறும் குறைவாகப் பெறும் நிலைக்கு முடிவில் தோட்டம் வந்து சேர்கின்றது. அந்நிலையை மாற்ற வல்லது மட்கு ஒன்றே. தழையும் சாணமும் சருகும் மட்கி மண்ணோடு கலந்தாலன்றி மலைமண் மீளாது.

மேலும், வேதிப்பொருளின் தீங்கை முதலில் தாங்குவது எவர் உடல்? தேநீர்க் கோப்பையை ஏந்தும் இலண்டன் மாந்தர் உடலன்று. தெளிப்பானை முதுகிற் கட்டிக்கொண்டு, கையுறையும் முகக்காப்பும் இன்றிச் செடிவரிசைக்குள் நடக்கும் தொழிலாளியின் உடல். தெளித்த தோட்டத்தில் மறுகிழமை கொழுந்து கிள்ளும் பெண்ணின் விரல்கள். நஞ்சில்லாத் தேயிலையால் முதல் நன்மை பெறவேண்டியவர் அவரே. ஆதலின் இயற்கை எருவைத் தோட்டத் தமிழர் எதிர்க்கவேண்டிய தேவை எள்ளளவும் இல்லை. அதனை அவர் தலைமேற் சுமத்திய முறையே எதிர்த்தற்குரியது.

எரு எங்கிருந்து வரும்? தோட்டத்துக்குள்ளேயே அதன் ஊற்றுகள் உள்ளன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து செய்கின்றனர். வெட்டி வீழ்த்திய கிளைகளும் இலைகளும் அங்கேயே மட்கினால் பேரளவு ஊட்டம் மண்ணுக்கே திரும்பும். நிழலுக்கு நட்ட முள்முருங்கையைக் கழித்துப் போட்டால் அது சிறந்த பசுந்தழை எரு. பழஞ்செடியைப் பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலாப் புல்லையும் மானாப் புல்லையும் வளர்த்து மடக்கிப் போட்டால் களைத்த மண் தேறும் என்பது தேயிலை ஆராய்ச்சியாளர் கண்டு கூறியதே. ஒரு மாடு ஆண்டுக்கு மூன்று தொன்னுக்குக் குறையாமல் சாணம் இடும். தழையும் உண்டு, சாணமும் உண்டு, அறிவும் உண்டு. பின் இல்லாதது யாது?

கவ்வாத்துக் குச்சியையே எடுத்துக்கொள்க. அதனைத் தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு போகின்றாள் தோட்டத்துப் பெண். அவள் வீட்டு அடுப்புக்கு அதுவே விறகு. "குச்சியை எடுக்காதே, மண்ணுக்கு விடு" என்று அறிவியல் கூறும். சரிதான். அவள் அடுப்புக்கு மாற்று எரிபொருள் எவன் கொடுத்தான்? மாட்டை எடுத்துக்கொள்க. மாடு வளர்க்கக் கொட்டிலுக்கு இடம் வேண்டும். புல்லுக்கு நிலம் வேண்டும். லயம் என்று வழங்கும் வரிசைக் குடில்களில், ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமாக, மூன்று தலைமுறை ஒன்றாய் முடங்கிக் கிடக்கும் குடும்பத்துக்குக் கொட்டில் எங்கே? புல்நிலம் எங்கே? அங்குமிங்கும் சில குடும்பங்கள் மாடு வளர்ப்பதும் மரக்கறி பயிரிடுவதும் தோட்ட மேலாளர் கண்டும் காணாமலும் விட்ட இடத்தில். அவர் மனம் மாறும் நாளில் அவ்விடமும் போகும். இயற்கை எருவின் வேர் சாணத்தில் இல்லை. நிலவுரிமையில் உள்ளது என்பதனை இங்கே அறிக.

வள்ளுவர் உழவைப் பாடியபோது எரு, களை, நீர், காவல் ஆகியவற்றை ஒருங்கு வைத்துப் பாடினார். நிலத்துக்கு உரியவன் நாளும் சென்று நிலத்தைப் பார்க்கவேண்டும் என்பதனையும் அவ்விடத்தே சேர்த்தார். நிலத்துக்கு உரியவன் என்று ஒருவன் இருந்தால்தானே எரு நிலைக்கும்! மலையகத்தில் நிலத்தை நாளும் பார்ப்பவர் அதற்கு உரியவர் அல்லர். உரியவர் அதனை நாளும் பார்ப்பவர் அல்லர்.

இந்நிலை தானே வந்ததன்று. 1867இல் கண்டி மலைச்சாரலில் 19 ஏக்கரில் சேம்சு தெய்லர் தேயிலை நட்டார். 1869இல் தொடங்கிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழிக்க, தேயிலை மலையெங்கும் பரவிற்று. காடழித்தது, கல் பெயர்த்தது, வடிகால் வெட்டியது, நட்டது, பறித்தது அனைத்தும் தமிழகத்தின் வறண்ட ஊர்களினின்று கங்காணிகள் ஓட்டிச் சென்ற தமிழர் கைகளே. அவர்க்குக் கிடைத்த பரிசு யாது? நாடு விடுதலை பெற்ற அதே 1948ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி ஏறத்தாழ 7 இலக்கம் பேரை நாடற்றோர் ஆக்கினர். 1964இல் சிறிமாவோ-சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கால்நடைபோற் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரை ஒரு சொல் கேட்டாரில்லை. 1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின; உழைத்தோர் உடைமையாகவில்லை. 1992இல் அவற்றின் ஆளுகை தனியார் குழுமங்களிடம் விடப்பட்டது. அப்போதும் அவர்கள் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை முழுமையாக வந்ததே 2003இல்தான். நிலமோ, வீடு கட்ட 7 பேர்ச்சு என்னும் அளவிலேயே பேசப்பட்டது. 7 பேர்ச்சில் ஒரு வீடு நிற்கும்; ஒரு மாடு நிற்குமா?

மற்றொன்றையும் காண்க. குத்தகைக்கு நிலம் பிடித்த குழுமம் அடுத்த ஆண்டின் கணக்கையே பார்க்கும். மட்கோ பத்தாண்டில் பலன் தருவது. தன் பேரனும் இம்மண்ணில் வாழ்வான் என்று நம்புகின்றவனே மட்குக் குழி வெட்டுவான். அந்நம்பிக்கைக்கு உரியவர் குழுமத்தாரா, நூற்றைம்பது ஆண்டாக அம்மண்ணிலேயே பிறந்து அம்மண்ணிலேயே புதைந்தவரா?

இனி, 2021ஆம் ஆண்டின் துயரத்தை நோக்குக. அவ்வாண்டு மார்ச்சில்தான், நெடிய போராட்டத்துக்குப்பின், நாட்கூலி 1,000 உருபா என அரசிதழில் வெளியாயிற்று. கூலியை ஒரு கையாற் கொடுத்த தோட்டங்கள் மறுகையால் அளவை உயர்த்தின. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ எனக் கொழுந்து பறித்தாலன்றி முழுக்கூலி இல்லை என்றாயிற்று. தோட்டத்து வழக்கில் ஒருநாட் கூலிக்குப் 'பேர்' என்பர். அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. அளவு உயர்ந்த அந்த ஆண்டிலேதான் உரமும் நின்றது! செடி தளிர்க்கவில்லை, கூடை நிறையவில்லை, பேர் அரைப்பேராயிற்று. கொழும்பில் ஒருவர் இட்ட கையெழுத்துக்கு மலையுச்சியில் ஒரு தாய் அரைக்கூலி தண்டம் கட்டினாள். உரம் இடாதது அவள் குற்றமா? செடி தளிர்க்காதது அவள் குற்றமா? நெற்பயிர் இழந்த உழவர்க்கு இழப்பீடு பற்றிப் பேசிய அரசு, அரைப்பேர் வாங்கிய தோட்டப் பெண்ணுக்கு இழப்பீடு என்று ஒரு சொல் உரைத்ததா? அவளை உழவர் என்று எண்ணியிருந்தாலன்றோ உரைப்பதற்கு!

மாற்றம் இயலாததன்று என்பதற்குச் சிக்கிம் சான்று. அம்மாநிலம் 2003இல் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதென உறுதி பூண்டு, படிப்படியாய் நடந்து, 2016 சனவரியில் முழுமை எய்தியதாய் அறிவித்தது. அங்குள்ள தெமித் தேயிலைத் தோட்டம் 2008இல் இயற்கைச் சான்று பெற்றது. சிக்கிம் எடுத்துக்கொண்டது 13 ஆண்டு. இலங்கை எடுத்துக்கொண்டது 13 நாளுமில்லை. இலங்கையிலேயே, தடைக்குப் பல ஆண்டுகட்கு முன்பே, வேதியுரமின்றித் தேயிலை விளைவித்த தோட்டங்கள் உண்டு. இயற்கைச் சான்றுக்கே மூன்றாண்டு மாறுகாலம் வைத்துள்ளது உலக வழக்கு. செடியின் வேர் அறிந்த காலத்தை அரியணை அறியவில்லை.

இயற்கைத் தேயிலைக்கு அயல்நாட்டுச் சந்தையில் கூடுதல் விலை உண்டு. விளைச்சல் குறையினும் விலை அதனை ஈடுசெய்யும் என்று அதன் வாணிகர் கூறுவர். நன்று. அக்கூடுதல் விலை எவர் பையிற் சேர்கின்றது? கூடுதல் உழைப்பு எவர் தோளில் ஏறுகின்றது? களைக்கொல்லியை நிறுத்தினால் களையைக் கையாற் பறிக்கவேண்டும். யூரியாவை நிறுத்தினால் 240 கூடை சுமக்கவேண்டும். இவ்வுழைப்புக்குத் தனிக் கூலி இல்லையெனில், பொட்டலத்தின்மேல் அச்சிட்ட 'இயற்கை' என்னும் சொல் ஒரு பொய்ச்சான்றே. நஞ்சற்ற இலை என்பது செடியில் நஞ்சில்லாமை மட்டுமன்று. பறித்த கைக்கு வஞ்சனை இல்லாமையுமாம்.

இது கடல் கடந்த செய்தி என்று தமிழகத்தார் வாளாவிருத்தல் வேண்டா. 1964 உடன்படிக்கையால் தாயகம் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்கவென்றே 1968இல் நீலமலையில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அங்கும் அவர்கள் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் முடியும் என்னும் அச்சம் அங்கும் அவர்களைத் தொடர்ந்தது. நீலமலையையும் இயற்கை வேளாண்மை மாவட்டமாக்கும் பேச்சு அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளது. நல்ல பேச்சே. ஆனால் இலங்கை செய்த பிழையைத் தமிழகம் செய்தல் ஆகாது. ஆணை முதலில், எரு பின்னர், உழைப்பாளி கடைசியில் என்னும் வரிசை தலைகீழாதல் வேண்டும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் வீட்டுக்கு மட்டுமன்றிக் கொட்டிலுக்கும் புல்லுக்கும் மரக்கறிக்கும் போதிய நிலம், உரிமை ஓலையோடு வழங்கப்படவேண்டும். அவர்கள் ஆக்கும் எருவைத் தோட்டம் விலைகொடுத்து வாங்கவேண்டும். எருச் சுமத்தலும் களை பறித்தலும் தனிக்கூலிக்குரிய வேலைகளாக வேண்டும். மண் மாறும் ஆண்டுகளில் பறிக்கும் அளவு குறைக்கப்பட்டு, அரைப்பேர் என்னும் கொடுமை அறவே நீங்கவேண்டும். கவ்வாத்துத் தழை மண்ணுக்குத் திரும்பும்வண்ணம் அடுப்புக்கு மாற்று எரிபொருள் தரவேண்டும். வேதியுரம் ஒரு பகுதி, ஒரு பகுதியாகக் குறைந்து, மண்ணை ஆய்ந்து ஆய்ந்து எரு ஏறவேண்டும். திங்கள்தோறும் கூலியிலிருந்து உறுப்பினர் கட்டணம் பிடித்துக்கொள்ளும் தொழிற்சங்கத் தலைவர்கள், கூலித்தொகை ஒன்றையே பேசிக் கைகுலுக்கிக் கலைவதை விடுத்து, நிலத்தைப் பேசவேண்டும்.

தமிழ் மக்களே! காலையில் நீங்கள் பருகும் தேநீரில் இரண்டு உரங்கள் கரைந்துள்ளன. ஒன்று மண்ணின் உரம். மற்றொன்று உங்கள் இனத்தாரின் தோளுரம். முன்னதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அறிவியல் கூறுகின்றது. பின்னதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அறம் கூறுகின்றது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பார் இரண்டையும் இழப்பர் என்று 2021ஆம் ஆண்டு எழுதிக் காட்டிவிட்டது. செடிக்கு எரு வேண்டும் என்று முழங்குவோர் எவராயினும் முழங்கட்டும். அம்முழக்கத்தின் இரண்டாம் அடியைத் தமிழர் முழங்குக: எருச் சுமப்பார்க்கு நிலம் வேண்டும்!